பாவமன்னிப்பு என்னும் ஆயுதம்: ரைம்ஸ் பேராயர் எபோவின் வழக்கு

கி.பி. 835 மார்ச் 4ஆம் நாள், இன்றைய பிரான்சின் வடகிழக்கில் உள்ள தியோன்வில் என்ற இடத்தில், ரைம்ஸ் பேராயர் எபோ ஒரு சிறிய ஆவணத்தில் கையெழுத்திட்டார். தான் பாவம் செய்துவிட்டதாகவும், அதைச் சில ஆயர்களிடம் தனிமையில் அறிக்கையிட்டுவிட்டதாகவும், இனி இந்தப் பதவிக்குத் தகுதியற்றவன் என்பதால் விலகிக்கொள்வதாகவும் அதில் எழுதியிருந்தது. என்ன பாவம் என்று ஒரு சொல்லும் இல்லை. அவையில் இருந்த நாற்பதுக்கும் மேற்பட்ட ஆயர்கள் ஒவ்வொருவராக வாய்திறந்து, அவருடைய வாக்குமூலத்தின்படியே அவர் பணியிலிருந்து நின்றுகொள்ளட்டும் என்றார்கள்.

இது ராஜினாமாவா, பதவி நீக்கமா? அடுத்த 30 ஆண்டுகளுக்கு மேல் மூன்று அரசர்களும் பல போப்பாண்டவர்களும் இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டினார்கள். எபோ இறந்து 15 ஆண்டுகளுக்குப் பின்னும் அது ஆயர் பேரவைகளின் நிகழ்ச்சி நிரலில் இருந்தது. பழைய வரலாற்று நூல்களில் எபோவுக்கு ஒரே பெயர்தான்: துரோகி. தன்னை அடிமை நிலையிலிருந்து தூக்கிவிட்ட பேரரசர் லூயியையே மண்டியிட வைத்தவர். அது பொய்யென்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பேரரசரை வீழ்த்திய பாவப் பரிகாரச் சடங்குக்கு வழிசெய்து கொடுத்தவர் பேரரசரேதான். அதே சடங்கு ஒன்றரை ஆண்டுக்குள் எபோ மீதே திரும்பியது. துரோகக் கதையைவிட இந்தத் திருப்பம்தான் நமக்கு அதிகம் சொல்கிறது.

எபோ பிரபு குலத்தவர் அல்லர். அரச பண்ணையைச் சேர்ந்த அடிமைக் குடும்பத்தில் பிறந்தவர். பேரரசர் ஷார்ல்மேனின் மகன் லூயிக்குப் பாலூட்டிய தாயின் மகன் என்பது மரபாகச் சொல்லப்படும் செய்தி. அரண்மனையில் லூயியோடு வளர்ந்தார், படித்தார், அடிமைத்தளை நீங்கினார், லூயி அக்விடேன் பகுதியின் அரசராக இருந்தபோது அவருடைய நூலகராகப் பணியாற்றினார். 814 ஜனவரியில் ஷார்ல்மேன் இறந்து லூயி பேரரசரானதும் எபோவின் காலம் வந்தது. 816இல் ரைம்ஸ் பேராயர் பதவி காலியானபோது அங்குள்ளவர்கள் கிஸ்லேமார் என்பவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவரைச் சோதிக்க நற்செய்தி நூலைக் கையில் கொடுத்தார்கள். வாசிக்க முடிந்தது, வாசித்ததன் பொருளைச் சொல்ல முடியவில்லை. லூயி தன் பால்ய நண்பரை அந்த இடத்தில் அமர்த்தினார்.

அந்தக் காலத்தில் பேராயர் பதவி என்பது வெறும் ஆன்மிகப் பதவி அல்ல. பெரும் நிலபுலன், படைக்கு ஆள் அனுப்பும் கடமை, அரசவையில் இருக்கை எல்லாம் அதோடு சேர்ந்தவை. பிரபுக்களின் இளைய மகன்கள் கண்வைத்திருந்த இடம் அது. அங்கே அடிமையின் மகன் போய் அமர்ந்ததை அவர்கள் மறக்கவே இல்லை. 836, 837 வாக்கில் லூயியின் வாழ்க்கையை எழுதிய தேகான், நற்குடிப் பிறப்பில் பெருமை கொண்டவர். எபோவின் முன்னோர் ஆடு மேய்த்தவர்கள் என்று ஏசி, அரசர் ஒருவனுக்கு விடுதலை தரலாம், குலம் தர முடியாது என்ற பொருளில் பக்கம் பக்கமாகக் கொட்டித் தீர்க்கிறார். எபோவைப் பற்றி நமக்குக் கிடைக்கும் சித்திரத்தில் பெரும்பங்கு இப்படிப்பட்ட கைகள் தீட்டியது. இன்னொரு பெரிய சாட்சி ஹின்க்மார். அவர் எபோவுக்குப் பின் அதே நாற்காலியில் அமர்ந்தவர். முன்னவரின் நீக்கம் செல்லாது என்றால் தன் பதவியே ஆட்டம் காணும் நிலையில் இருந்தவர். எதிராளிகளின் எழுத்தை வைத்தே ஒருவரை எடைபோட வேண்டியிருக்கிறது என்பதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்த எதிராளிகளால்கூட அவருடைய செயலூக்கத்தை மறுக்க முடியவில்லை. 822இல் போப் முதலாம் பாஸ்கல் அவரை வடபுலத்துக்கான தூதராக நியமித்தார். 823இல் டேனியர் நாட்டுக்கே போய் மறைபரப்பினார். மூன்று ஆண்டு கழித்து டேனிய அரசர் ஹரால்டு மைன்ஸ் நகரில் திருமுழுக்குப் பெற்றதற்கு இந்தப் பயணம் ஒரு முன்னேற்பாடு. ரைம்ஸில் பழைய பேராலயத்தை இடித்துப் பெரிதாகக் கட்டத் தொடங்கினார். கல்லுக்கு எங்கே போவது? நகரின் மதிற்சுவரையே உடைத்துக்கொள்ள லூயி அனுமதி கொடுத்தார். நாடு அமைதியாக இருந்த காலம் அது. மதில் எதற்கு என்று தோன்றியிருக்க வேண்டும். கட்டடத்தை முடித்து 862இல் நேர்ந்தளித்தவர் ஹின்க்மார். 882இல் வைக்கிங் படை நெருங்கியபோது மதிலில்லாத ரைம்ஸிலிருந்து அந்தக் கிழவரைப் பல்லக்கில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று. எப்பெர்னே என்ற ஊரில் அந்த டிசம்பரில் அவர் இறந்தார்.

அதே எப்பெர்னேயின் நகர நூலகத்தில்தான் எபோவுக்காக எழுதப்பட்ட நற்செய்தி நூல் இன்று இருக்கிறது. ரைம்ஸ் அருகே ஓட்வில்லேர் மடத்தில், பீட்டர் என்ற மடாதிபதியின் மேற்பார்வையில் உருவானது. அதில் மத்தேயுவின் படத்தை ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார். முதுகு வளைந்து, சாய்மேசை மேல் கவிழ்ந்து எழுதுகிறார். இடது கையில் மைக்கொம்பு, வலது கையில் இறகுப் பேனா. தலைமுடி சிலிர்த்து நிற்கிறது, புருவம் நெளிகிறது, அங்கியின் மடிப்புகள் காற்றில்லாமலே சுழல்கின்றன, பின்னால் இருக்கும் குன்றும் புல்லும்கூட நடுங்குவதுபோல் கோடுகள். வலது மேல் மூலையில் சின்னஞ்சிறிய தேவதூதர். சலனமற்ற, கம்பீரமான நற்செய்தியாளர்களை வரைந்துவந்த ஷார்ல்மேன் காலத்து ஓவியத்துக்கு அடுத்த தலைமுறையில் இது எங்கிருந்து வந்தது என்று கலை வரலாற்றாளர்கள் இன்றும் வியக்கிறார்கள். இந்தப் பாணியை ஆதரித்து வளர்த்தவருக்குக் கலையில் கண் இருந்தது என்பதில் சந்தேகமில்லை.

நம் கதைக்கு இன்னும் நெருக்கமான நூல் வேறொன்று. 830ஐ ஒட்டி எபோ, தன் மாகாணத்தைச் சேர்ந்த காம்ப்ரே ஆயர் ஹாலிட்காருக்கு ஒரு கடிதம் எழுதினார். எந்தப் பாவத்துக்கு என்ன பரிகாரம் என்பதில் குருக்களிடம் இருக்கும் கையேடுகள் ஒன்றுக்கொன்று முரணாகக் குழப்பமாக இருக்கின்றன. பழைய திருச்சபைச் சட்டங்களிலிருந்து தெளிவாக ஒன்றைத் தொகுத்துத் தாருங்கள் என்பது வேண்டுகோள். ஹாலிட்கார் தொகுத்துக் கொடுத்தார். ஆக, பாவப் பரிகாரச் சட்டத்தில் எபோவுக்கு இருந்த அக்கறை, பேரரசர் வீழ்ந்த 833இல் திடீரென்று முளைத்ததல்ல.

இனி அரச குடும்பத்துக்கு வருவோம். 817இல் லூயி ஒரு வாரிசு ஏற்பாடு செய்தார். மூத்தவர் லோத்தர் இணைப் பேரரசர், பிப்பினுக்கு அக்விடேன், மூன்றாமவர் லூயிக்கு பவேரியா. இந்த மூன்றாமவர்தான் பின்னாளில் ஜெர்மானிய லூயி எனப்பட்டவர். இதைப் புனிதமான, மாற்ற முடியாத ஏற்பாடாக அறிவித்தார். இதில் தன் இடம் என்ன ஆகுமோ என்று அஞ்சி இத்தாலியில் கிளர்ந்த அண்ணன் மகன் பெர்னார்டின் கண்களைப் பிடுங்கச் செய்தார். அந்த இளைஞர் 818இல் இறந்தார். அதே ஆண்டு பேரரசி இர்மெங்கார்டும் இறக்க, 819இல் லூயி ஜூடித்தை மணந்தார். 823 ஜூனில் சார்லஸ் பிறந்தான். கடைக்குட்டிக்கும் பங்கு வேண்டும் என்றால் மூத்தவர்களின் பங்கில் கைவைக்க வேண்டும். 829இல் கைவைத்தார். அடுத்த ஆண்டே முதல் கலகம். எந்த நாட்டு அரண்மனைக் கதையிலும் இரண்டாம் தாரத்துப் பிள்ளையால் வரும் இந்தச் சண்டையைப் பார்க்கலாம், அதை விவரித்து நேரத்தைப் போக்க வேண்டாம்.

இடையில் நடந்த ஒன்று முக்கியம். 822இல் அத்தினி அரண்மனையில் லூயி, பெர்னார்டின் சாவுக்காகவும் பிற தவறுகளுக்காகவும் ஆயர்கள், பிரபுக்கள் முன்னிலையில் தானாகவே பரிகாரம் செய்தார். கிறிஸ்தவப் பேரரசர் தன் பாவத்தை ஒளிக்க மாட்டார் என்று காட்ட விரும்பினார். பலர் மெச்சினார்கள். ஆனால் ஆயர்கள் அதிலிருந்து கற்ற பாடம் வேறு: பேரரசரின் ஆட்சிச் செயல்கள் பாவங்களாகலாம், பாவங்கள் என்றால் அவற்றை அளப்பவர்கள் நாம். 829 பாரிஸ் பேரவையில் அரசரின் ஆன்மாவுக்காகவும் கடவுளிடம் கணக்குச் சொல்ல வேண்டியவர்கள் தாங்களே என்று ஆயர்கள் எழுதிவைத்தார்கள். லூயி அதை மறுக்கவில்லை. அவருடைய சீர்திருத்தக் கனவின் ஒரு பகுதியே அது.

833 ஜூனில் மூத்த மகன்கள் மூவரும் ஒன்றுசேர்ந்து படை திரட்டினார்கள். லோத்தர் இத்தாலியிலிருந்து போப் நான்காம் கிரகோரியையே கூட்டிவந்தார். அல்சாஸில் கொல்மார் அருகே இரு படைகளும் பல நாள் எதிரெதிரே நின்றன. போர் நடக்கவில்லை. இரவோடு இரவாக லூயியின் ஆட்கள் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு மகன்கள் பக்கம் போய்விட்டார்கள். அந்த இடத்துக்குப் பொய்களின் களம் என்று பெயர் நிலைத்தது. லூயி சரணடைந்தார். ஜூடித்தை இத்தாலிக்கும் பத்து வயதுச் சார்லஸைப் ப்ரூம் மடத்துக்கும் அனுப்பினார்கள். லூயியைச் சுவாசோன் நகரில் புனித மெதார் மடத்தில் அடைத்தார்கள்.

பிடிபட்ட பேரரசரை என்ன செய்வது? கொன்றால் தந்தையைக் கொன்ற பழி. குருடாக்கினால் பெர்னார்டின் கதை திரும்பும். முடியை மழித்து மடத்தில் தள்ளலாம். 751இல் முந்தைய மெரோவிங்கிய வம்சத்தின் கடைசி அரசரை அப்படித்தான் தள்ளினார்கள். ஆனால் துறவறத்துக்கு லூயி இணங்கவில்லை. அப்போது பழைய சட்டங்களைப் புரட்டியவர்களுக்கு ஒரு விதி உதவியது. பகிரங்கப் பரிகாரம் செய்த ஒருவர் மறுபடி ஆயுதம் ஏந்தக் கூடாது, உலகப் பொறுப்புகளுக்குத் திரும்பக் கூடாது. ஆயுதம் ஏந்த முடியாதவர் அரசராக இருக்க முடியாது. சொட்டு ரத்தம் சிந்தாமல், ஆன்மாவைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லிக்கொண்டே, அரசரை அரியணையிலிருந்து இறக்கிவிடலாம். ஒரே நிபந்தனைதான். அவர் தானே முன்வந்து கேட்க வேண்டும்.

அக்டோபரில் கொம்பியேனில் லோத்தர் கூட்டிய பேரவைக்குப் பின் ஆயர்கள் சுவாசோனுக்கு வந்தார்கள். சுவாசோன் ரைம்ஸ் மாகாணத்தில் அடங்கியது என்பதால் முன்னின்று நடத்தியவர் எபோ. பலிபீடத்தின் முன் முரட்டு ரோமக் கம்பளி விரித்திருந்தார்கள். லூயி அதன்மேல் விழுந்து வணங்கி, குற்றப் பட்டியல் எழுதிய தாளை ஆயர்களிடம் கொடுத்தார். எட்டுத் தலைப்புகள்: 817 ஏற்பாட்டை மீறியது, பெர்னார்டின் சாவு, தவக்காலத்தில் படையெடுப்புக்கு ஆணையிட்டது, மக்களை முரண்பட்ட சத்தியங்கள் செய்யவைத்தது என்று போகிறது. அத்தினியில் ஏற்கெனவே பரிகாரம் செய்து முடித்த பாவமும் இந்தப் பட்டியலில் இருப்பதைக் கவனிக்க வேண்டும். பிறகு லூயி வாளோடு கூடிய இடைக்கச்சையைக் கழற்றிப் பலிபீடத்தில் வைத்தார். அரச உடையைக் களைந்து பரிகார உடையை அணிவித்தார்கள். நடந்ததைப் பதிவுசெய்து ஆயர்கள் ஒவ்வொருவரும் கையெழுத்திட்ட சான்று எழுதிக்கொடுத்தார்கள்.

லோத்தர் எபோவுக்கு அர்ராஸில் உள்ள புனித வாஸ்த் மடத்தின் வருமானத்தைக் கொடுத்தார். எபோவுக்காக வாதாடுகிறவர்கள் இந்த இடத்தில் தடுமாறுகிறார்கள். பேரரசின் ஒற்றுமையைக் காக்க நினைத்தவர்கள் லோத்தரின் பக்கம் உண்மையிலேயே இருந்தார்கள். லியோன் பேராயர் ஆகோபார் அதற்குச் சான்று. எபோவுக்கும் அந்த நம்பிக்கை இருந்திருக்கலாம். ஆனால் பாவமன்னிப்பு நடத்திக் கூலியாக மடம் வாங்கியவரின் நம்பிக்கையை நான் முழுதாக நம்பத் தயாரில்லை.

சுவாசோனுக்குப் பின் லோத்தரின் அதிகாரம் ஐந்து மாதம்கூட நிலைக்கவில்லை. அண்ணன் எல்லாவற்றையும் தானே விழுங்குவதைக் கண்ட தம்பிகள் தந்தை பக்கம் சாய்ந்தார்கள். 834 பிப்ரவரி இறுதியில் லோத்தர் தந்தையைப் பாரிஸ் அருகே புனித தெனி மடத்தில் விட்டுவிட்டுத் தப்பினார். உடனே கிரீடத்தைச் சூட்டிக்கொள்ளுங்கள் என்று சுற்றியிருந்தவர்கள் வற்புறுத்தினார்கள். லூயி மறுத்தார். மார்ச் 1 ஞாயிறன்று ஆயர்கள் முறைப்படி ஒப்புரவாக்கி, தங்கள் கையால் வாளைக் கட்டிவிட்ட பிறகே ஆயுதம் ஏந்தினார். அவரை வீழ்த்திய சட்டத்தை அவரே செல்லுபடியானதாக மதித்தார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

அப்படி மதித்ததால் ஒரு சிக்கலும் வந்தது. 833 பரிகாரம் முறையானது என்றால் லூயி இன்று ஆளத் தகுதியில்லாதவர். ஆகவே அது முறையற்றது என்று அறிவித்தாக வேண்டும். அதை நடத்தியவரின் வாயாலேயே சொல்லவைத்தால் இன்னும் நல்லது. கால்நோவால் லோத்தரோடு ஓட முடியாமல், பாரிஸில் ஒரு துறவியின் குடிலில் ஒளிந்திருந்த எபோ பிடிபட்டு ஃபுல்டா மடத்தில் இருந்தார். 835 பிப்ரவரி 28 அன்று மெட்ஸ் பேராலயத்தில், லூயியின் மாற்றாந்தாய்ச் சகோதரர் ஆயர் ட்ரோகோ முன்னிற்க, பேரரசருக்கு மறுபடி கிரீடம் சூட்டினார்கள். எபோ வாசக மேடையில் ஏறி, பேரரசருக்கு இழைத்தது அநீதி என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். நான்கு நாள் கழித்துத் தியோன்வில்.

அங்கே நடந்ததைச் சுவாசோனோடு ஒப்பிட்டால் வியப்பாக இருக்கும். லூயியே எபோ மீது குற்றம் சாட்டினார். வெளிப்படையான விசாரணை நடந்தால் கூட்டாக நடத்தியதற்கு ஒருவரை மட்டும் தண்டிப்பானேன் என்ற கேள்வி எழும். அவையில் இருந்தவர்களில் பலர் சுவாசோனிலும் இருந்தவர்கள். எபோ கேட்டதும் அதுதான். இத்தனை பேர் செய்ததற்கு நான் மட்டும் ஏன் என்றார். இந்த நெருக்கடியில் அவர் ஒரு மோதிரத்தை ஜூடித்துக்கு அனுப்பினார். சார்லஸ் பிறந்தபோது, குழந்தைக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று ஜூடித் அவருக்கு அனுப்பிய அதே மோதிரம். பேரரசி தலையிட்டார். வழக்கு மென்மையான பாதைக்குத் திரும்பியது: விசாரணை வேண்டாம், மூன்று ஆயர்களிடம் இரகசியப் பாவ அறிக்கை, பிறகு விலகல் கடிதம். குற்றம் என்னவென்று சொல்லாமலே குற்றவாளி ஆக்கிவிடலாம். இங்கும் அவர் தானே முன்வந்துதான் செய்தார். லூயியும் அப்படித்தான் முன்வந்தார்.

ஆகோபாரும் பதவி இழந்தார், ஆனால் சில ஆண்டுகளில் லியோனுக்குத் திரும்பினார். சிலர் இத்தாலிக்கு ஓடி லோத்தரிடம் அடைக்கலமானார்கள். எபோ மட்டும் லூயி உயிரோடு இருந்தவரை ஃபுல்டா, லிசியூ, ஃப்லூரி என்று காவலில் இடம் மாற்றப்பட்டார். பரிந்து பேச ஒரு பிரபு குடும்பம், மிரட்ட ஓர் உறவுப்படை அவருக்கு இல்லை. அவருக்கு இருந்த ஒரே உறவு லூயிதான். அந்த உறவை அவரே அறுத்திருந்தார். தேகானின் வசைக்குப் பின்னால் இருக்கும் சமூக உண்மை இது.

840 ஜூன் 20 அன்று ரைன் நதித் தீவொன்றில் லூயி இறந்தார். ஆகஸ்டிலேயே லோத்தர் இங்கெல்ஹைமில் எபோவுக்குப் பதவியைத் திருப்பிக் கொடுத்தார். 20 ஆயர்கள் கையெழுத்திட்டார்கள். சிலர் தியோன்விலிலும் கையெழுத்திட்டவர்களே. டிசம்பரில் எபோ ரைம்ஸ் வந்தார், சிலருக்குக் குருப்பட்டம் கொடுத்தார். அது ஓராண்டும் நீடிக்கவில்லை. 841 ஜூன் 25 அன்று ஃபோந்தனுவா போர்க்களத்தில் லோத்தர் தோற்றார். ரைம்ஸ் சார்லஸின் பங்குக்குப் போய்க்கொண்டிருந்தது. பிறந்தபோது எந்தப் பையனுக்காக மோதிரம் வந்ததோ, அவனுக்கு அஞ்சி எபோ ஊரை விட்டுப் போனார். 843இல் வெர்டுன் உடன்படிக்கை பேரரசை மூன்றாகப் பிளந்தது. எபோவின் ஆலயம் ஒரு நாட்டில், அவருடைய ஆதரவாளர் இன்னொரு நாட்டில்.

844இல் அவர் ரோமுக்குப் போய்ப் போப் இரண்டாம் செர்ஜியஸிடம் முறையிட்டார். பொதுநிலையினரைப் போல நற்கருணை வாங்கலாம், அவ்வளவுதான் என்று போப் சொன்னதாக ஹின்க்மார் எழுதுகிறார். கான்ஸ்டாண்டிநோபிளுக்குத் தூது போ என்ற லோத்தரின் ஆணைக்கு எபோ மறுத்துவிட, அந்த ஆதரவும் போயிற்று. கடைசியில் ஜெர்மானிய லூயி அவருக்கு ஹில்டெஸ்ஹைம் ஆயர் பதவியைக் கொடுத்தார். 845 மே மாதம் ரைம்ஸில் ஹின்க்மார் திருநிலைப்படுத்தப்பட்டார். 851 மார்ச் 20 அன்று எபோ ஹில்டெஸ்ஹைமில் இறந்தார்.

அவர் இறந்தும் வழக்கு இறக்கவில்லை. 840-841இல் அவர் குருப்பட்டம் கொடுத்தவர்களின் பட்டம் செல்லுமா? செல்லும் என்றால் அவர் அப்போது பேராயர். அவர் பேராயர் என்றால் ஹின்க்மார் யார்? 853 சுவாசோன் பேரவை அந்தப் பட்டங்கள் செல்லாது என்றது. ஏறத்தாழ இந்தக் காலத்தில், ரைம்ஸ் மாகாணத்தை ஒட்டிய வட்டாரத்தில், போலி இசிதோர் எனப்படும் மாபெரும் கள்ள ஆவணத் தொகுப்பு உருவானது. பழங்காலப் போப்பாண்டவர்கள் பெயரில் புனைந்த கடிதங்கள் அதில் நிறைந்திருந்தன. சொத்தைப் பறித்துத் துரத்திய ஆயரை, பறித்ததைத் திருப்பிக் கொடுக்கும்வரை விசாரிக்கக் கூடாது; ஓர் ஆயரைத் தண்டிக்க 72 சாட்சிகள் வேண்டும்; இறுதித் தீர்ப்பு ரோமுடையது என்றெல்லாம் அவை விதித்தன. எபோவின் ஆட்களே எழுதினார்கள் என்று நெடுங்காலம் சந்தேகித்தார்கள். அண்மைக்கால ஆய்வுகள் கோர்பி மடத்தின் பக்கம் கைகாட்டுகின்றன. எழுதியவர் யாராயினும் தியோன்வில் போன்ற விசாரணைகளைப் பார்த்து மனம் கொதித்தவர் என்பது தெளிவு. 1628இல் டேவிட் ப்ளாண்டெல் முழுமையாக அம்பலப்படுத்தும்வரை திருச்சபைச் சட்டத்தில் அவற்றுக்கு மதிப்பு இருந்தது.

866இல், எபோ பட்டம் கொடுத்த அந்தக் குருக்களில் ஒருவரான வுல்ஃபாடை பூர்ஜ் நகரப் பேராயராக்க அரசர் சார்லஸ் விரும்பினார். எபோவின் கைப்பட்டம் செல்லாது என்றால் வுல்ஃபாட் குருவே இல்லை. போப் முதலாம் நிக்கோலஸ் வழக்கை மறுபடி திறக்கச் சொன்னார். அடுத்த ஆண்டு சார்லஸ் போப்பாண்டவருக்கு எழுதிய நீண்ட கடிதத்தில்தான் மோதிரக் கதையும் கிஸ்லேமார் கதையும் இருக்கின்றன. தன் தந்தையைக் கீழே இறக்கிய பேராயரைப் பற்றி ஒரு மகன் எழுதியது அது. ஆனால் தேகானின் நஞ்சு அதில் இல்லை. சார்லஸுக்கு இப்போது எபோ தேவைப்பட்டார், அவ்வளவுதான். 867 நவம்பரில் நிக்கோலஸ் இறந்தார். அடுத்து வந்த இரண்டாம் ஹாட்ரியன் வுல்ஃபாடின் பதவியை ஏற்று, பேராயருக்குரிய பாலியம் என்னும் தோளணியை அனுப்பினார். எபோவிடம் பட்டம் பெற்ற வுல்ஃபாட் 876இல் இறக்கும்வரை பூர்ஜ் பேராயராக இருந்தார். எபோவின் கடிதம் ராஜினாமாவா, நீக்கமா என்ற கேள்வி கடைசிவரை முடிவாகத் தீரவில்லை.